பானெட்டுக்குள் ஒரு குட்டி

மழை பிடித்தால் அம்பத்தூர் எஸ்டேட் பூனைகள் எஞ்சின் சூட்டைத் தேடிப் போய்விடும். அப்படி ஒரு காரின் பானெட்டுக்குள் முனகிய குட்டியை மெக்கானிக் அண்ணன்தான் வெளியே எடுத்தார். கையில் கீறல். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லி, ரேபிஸ் ஊசிக்கு அனுப்பினோம். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது.

"பால் ஊத்துங்க தம்பி" என்றார் டீக்கடைக்காரர். பசும்பால் குட்டிக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிவிடும். அதற்கும் முன்னால் சூடு வேண்டும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு எதுவும் புகட்டக்கூடாது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தேன். குட்டிகளுக்கான பால் பவுடர் பிறகுதான். விலை மட்டும் கேட்காதீர்கள்!

அடுத்து வேப்பேரி கால்நடை மருத்துவமனை. மின்சார ரயிலில் பூனைக்கூடைக்கு டிக்கெட் உண்டா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.