மூச்சு விட ஓர் இடம்

சேர்ந்து பாடுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. நீளமான சுரம் ஒன்றை எல்லோரும் பிடித்து நிற்கும்போது நடுவில் எனக்கு மூச்சு முட்டினால் நான் நிறுத்திக்கொள்ளலாம். காற்றை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மறுபடி உள்ளே நுழைந்துகொள்ளலாம். அதற்குள் பாட்டு அறுந்துவிடாது. பக்கத்தில் நிற்பவர் பிடித்திருப்பார். அவருக்கு மூச்சு வேண்டும்போது நான் பிடித்திருப்பேன். பாளையங்கோட்டையில், சிறுமியாக இருந்த என்னை சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் வரிசையில் நிறுத்தியபோது, எங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தந்த அம்மா முதலில் சொன்னது இதுதான்: "பக்கத்துல நிக்கிறவ மூச்சு விடுற இடத்துல நீ விடாத."

பெண்களுக்கு வலிமை சேர்ப்பதைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில், ஒருத்தி தனியாக எழுந்து மைக்கைப் பிடித்துத் தன் கதையைச் சொல்வதையே பெரிய வெற்றியாகக் காட்டுகிறார்கள். அது வெற்றிதான். ஆனால் அடிபட்டு வந்தவளிடம் அதை முதலில் கேட்பது கொடுமை. கொஞ்ச நேரம் அவள் ஓய்ந்தாலும் உடைந்துபோகாத ஒன்று முதலில் அவளைச் சுற்றி இருக்க வேண்டும். அவளும் அதற்கு வேண்டப்பட்டவளாக இருக்க வேண்டும். சேர்ந்து பாடுவதில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது சுமத்ராவில் பாலெம்பாங் நகரத்தில் இருந்த சிறைமுகாமை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் போயிற்று. அதற்கு முந்திய நாட்களில் அங்கிருந்து கப்பலேறிய பெண்கள் பலர் பங்கா நீரிணையில் சிக்கினார்கள். குண்டுவீச்சில் கப்பல் மூழ்கி நீந்திக் கரையேறியவர்கள் சிலர். கப்பலோடு பிடிபட்டவர்கள் சிலர். பிரிட்டிஷ் குடும்பப் பெண்கள், ஆஸ்திரேலிய ராணுவ நர்சுகள், சுமத்ராவிலேயே வாழ்ந்துவந்த டச்சுப் பெண்கள், கன்னியாஸ்திரிகள், குழந்தைகள் எல்லோரையும் ஒன்றாக அடைத்தார்கள். மலேரியா, சீதபேதி, பெரிபெரி. தட்டில் விழுகிற சோறு நாளுக்கு நாள் குறைந்தது. டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் இடையே உரசலும் இருந்தது. பசி வந்த இடத்தில் அது இல்லாமல் இருக்குமா?

அங்கே இரண்டு பெண்கள். மார்கரெட் டிரைபர்க், சிங்கப்பூரில் பணியாற்றிய பிரஸ்பிட்டேரியன் மிஷனரி. நோரா சேம்பர்ஸ், லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் பயின்றவர். 1943இல் இவர்கள் ஒரு வேலையில் இறங்கினார்கள். பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதப்பட்ட பெரிய இசைப் படைப்புகளை டிரைபர்க் நினைவிலிருந்தே எடுத்து, பெண்குரல்கள் நான்கு பகுதியாகப் பாடும்படி தாளில் எழுதினார். கையில் இசைநூல் எதுவும் கிடையாது. எல்லாம் தலைக்குள் இருந்தவை. நோரா பயிற்சி கொடுத்து நடத்தினார்.

இதில் நான் வியப்பது, அவர்கள் சொற்களை விட்டுவிட்டதைத்தான். டச்சு மொழியில் பாடினால் ஆங்கிலேயர் வெளியே நிற்பார்கள், ஆங்கிலத்தில் பாடினால் டச்சுக்காரர்கள். ஆகவே முனகல், 'ஊ', 'ஆ', 'லா' போன்ற வெறும் ஒலிகள். தொண்டையே வாத்தியம். 1943 டிசம்பர் 27 அன்று ஏறக்குறைய முப்பது பெண்கள் முகாமில் இருந்த மற்றவர்களுக்கு முன் முதல் கச்சேரியைக் கொடுத்தார்கள். நிற்பதற்குத் தெம்பில்லாததால் சிறு முக்காலிகளில் உட்கார்ந்தே பாடினார்கள். இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனியிலிருந்து மெதுவாக நகரும் லார்கோ பகுதி அன்று பாடப்பட்டது. கூட்டம் கூடியதைக் கலைக்கக் கத்திக்கொண்டு வந்த காவலன் ஒருவன், அப்படியே நின்று கேட்டானென்று அங்கிருந்தவர்கள் பிற்பாடு எழுதியிருக்கிறார்கள்.

லார்கோவைப் பாடிப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். அவசரமே இல்லாத இசை அது. ஒவ்வொரு சுரமும் நீண்டு நிற்கும். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த எனக்கே அடிவயிறு இழுக்கும். பட்டினி கிடந்த பெண்ணால் அதைத் தனியாகப் பாடவே முடியாது. முப்பது பேர் மாற்றி மாற்றி மூச்சு விட்டால்தான் அது சாத்தியம். அந்த முக்காலிகளில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தியும் அடுத்தவளின் மூச்சை நம்பித்தான் வாயைத் திறந்திருப்பாள்.

இசை அவர்களைக் காப்பாற்றியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியவை சோறும் க்வினைனும், இரண்டும் கிடைக்கவில்லை. பாடியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். மிஞ்சியவர்களுக்குக் குரலெழுப்பும் தெம்பு போய், பாட்டும் நின்றது. டிரைபர்க் 1945 ஏப்ரலில், போர் முடிய நான்கே மாதம் இருக்கையில், அவர்கள் கடைசியாக மாற்றப்பட்ட முகாமில் காலமானார். பாடிக்கொண்டிருந்த நேரத்தில் தாங்கள் கைதிகள் என்பதையே மறந்திருந்ததாகத்தான் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அதை அவ்வளவிலேயே ஏற்றுக்கொள்வதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. இசைத்தாள்களைப் பத்திரமாகக் கொண்டுவந்த டச்சுப் பெண் ஒருவர் 1980இல் அவற்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்றும் பெண்கள் குழுக்கள் அவற்றை எடுத்துப் பாடுகின்றன. 1997இல் வந்த 'பாரடைஸ் ரோடு' திரைப்படம் இந்த வரலாற்றிலிருந்து பிறந்ததுதான்.

வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கான இல்லம் ஒன்றில் சில காலமாக நான் பாட்டுச் சொல்லித்தருகிறேன். என்ன பாட்டு என்பதே முதல் சிக்கல். அங்கே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் இருக்கிறார்கள். யார் சாமியைப் பாடினாலும் இன்னொருத்தி ஓரமாக நிற்க வேண்டிவரும். சினிமாக் காதல் பாட்டு அவர்களில் சிலருக்குப் பொறுக்காது. தாலாட்டு எடுத்தால், பிள்ளையைப் புருஷன் வீட்டில் விட்டு வந்தவள் எழுந்து போய்விடுகிறாள். அப்போது பாலெம்பாங் எனக்குக் கைகொடுத்தது. சொல்லை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். வாய் மூடி 'ம்', வாய் திறந்து 'ஊ'. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை.

மூச்சுப் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், டெல்டாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் சிரித்தார். "நடவுல நாங்க செய்யறதுதான டீச்சர்! ஒருத்தி எடுத்துக் குடுப்பா, மத்தவங்க வாங்கிப் பாடுவோம். நாங்க பாடறப்ப அவ மூச்சு வாங்கிக்குவா." குனிந்த முதுகோடு, முழங்கால் சேற்றில் நின்று நாள் முழுக்கப் பாடியவர்களுக்கு நான் என்ன பெரிதாகச் சொல்லித்தரப் போகிறேன்? அன்றிலிருந்து அவர்தான் எடுத்துக்கொடுக்கிறார்.

இன்னொருவர் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பவர். கதவைத் திறந்தால், தண்ணீர் கேட்டால், இருமினால்கூட "மன்னிச்சுக்கங்க." கீழ்வரிசையில் நிற்கிறார். ஒருநாள் மேல்வரிசையில் ஒரு பெண் தொடர்ந்து முந்திக்கொண்டிருந்தாள். இவர் பாட்டை நிறுத்தி, எல்லோர் முன்னாலும், "நீ ஓடுற. நாங்க பின்னால வர்றது காதுல விழலையா?" என்று அதட்டினார். பிறகு மன்னிப்புக் கேட்கவில்லை. முந்தியவள் தலையாட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். மனநல ஆலோசகர்கள் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ! நான் அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்கிறேன். மேல்வரிசை தடம் மாறாமல் நிற்பதற்குத் தன் சுரம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தவளுக்குக் கோபப்படும் உரிமையும் வந்துவிடுகிறது.

நன்கொடை தருகிறவர்கள் வந்தபோது பாடச் சொல்லிக் கேட்டார்கள். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, வேண்டாம் என்றார்கள். "சாப்பாட்டுக்காகப் பாடின மாதிரி ஆயிரும் டீச்சர்." நிர்வாகத்துக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை.

நம் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இல்லாத தெரு இல்லை. விழாவென்றால் அவர்களை ஒரே நிறச் சேலையில் நிறுத்தி வரவேற்புப் பாட்டுப் பாடவைக்கிறோம். விருந்தினர் உட்கார்ந்ததும் அவர்கள் வேலை முடிந்தது. இல்லங்களிலும் விடுதிகளிலும் தையல் மிஷின் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, அவை அவசியம். அவற்றோடு வாரம் ஒரு மணி நேரம், பார்ப்பதற்கு ஆள் இல்லாத ஒரு அறையில், அந்தப் பெண்கள் தங்களுக்காகவே சேர்ந்து பாட இடம் கொடுங்கள். பாட்டு தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்: பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர், சர்ச்சில் கொயர் நடத்துகிறவர், பஜனை மடத்தில் பாடுகிறவர், நடவுக்குப் போகிற பாட்டி. இதைப் படிக்கிற நீங்கள் அவர்களில் ஒருவராக இருந்தால், உங்கள் ஊரில் இருக்கும் இல்லத்தில் போய்க் கேளுங்கள்.