பத்து வாரக் கடனும் பக்கத்து மலைக் கணக்கும்

கம்பத்தில் சாலையோரம் காய்கறி விற்கும் ஒரு அக்காவை நினைத்துக் கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை. சரக்கு எடுக்கக் கையில் முதல் இல்லை. பைக்கில் ஒரு தம்பி வந்து நிற்கிறார்.

"எவ்வளவுக்கா வேணும்?"

"பத்தாயிரம் இருந்தா நல்லாயிருக்கும் தம்பி. வட்டி எவ்வளவு?"

"பதினஞ்சு பெர்சன்ட்தாங்க்கா. பிடிச்சது போக 8,500 கையில வாங்கிக்கங்க. வாரம் ஆயிரமாப் பத்து வாரம் கட்டுங்க. முடிஞ்சது கணக்கு."

தேனி மாவட்டம் என்றில்லை, தமிழ்நாட்டின் எந்த ஊர்ச் சந்தையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. அந்தத் தம்பி பொய்யும் சொல்லவில்லை. பத்தாயிரத்தில் 1,500 என்பது 15 சதவீதம்தானே? ஆனால் உண்மையான வட்டி அதுவல்ல. அக்காவிடம் 8,500 ரூபாய் பத்து வாரமும் முழுதாக இருப்பதில்லை. முதல் வாரமே ஆயிரம் திரும்பிப் போய்விடுகிறது. அடுத்த வாரம் இன்னொரு ஆயிரம். சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணம்தான் கையில் புரள்கிறது. அப்படியென்றால் வாரத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம்?

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஐ.ஆர்.ஆர். என்ற பெயரில் பரீட்சையில் வரும். கேள்வி சுலபம். ஆனால் விடையைத் தரும் நேரடிச் சூத்திரம் கிடையாது! பத்துத் தவணை என்றால் பத்தாம் படிச் சமன்பாடு. ஐந்தாம் படியிலேயே பொதுச் சூத்திரம் சாத்தியமில்லை என்று 1824-இல் நார்வே நாட்டு இளைஞர் நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல் நிரூபித்துவிட்டார். (இவர் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.)

சூத்திரம் இல்லையென்றால் என்ன, தடவித் தடவிப் போக வேண்டியதுதான். அடுத்த வாரம் கட்டப்போகும் ஆயிரத்துக்கு இன்றைய மதிப்பு ஆயிரத்தைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது வட்டியைப் பொறுத்தது. ஒரு வட்டியை ஊகித்து, பத்துத் தவணைக்கும் இன்றைய மதிப்பைக் கூட்ட வேண்டும். கூட்டினால் 8,500 வந்துவிட்டால் ஊகம் சரி.

வாரம் 2 சதவீதம் என்று வைத்தால் வருவது 8,983. அதிகம். வட்டியைக் கூட்ட வேண்டும். 4 சதவீதம் என்றால் 8,111. குறைவு. ஆக விடை இரண்டுக்கும் நடுவில். பாதியில் வெட்டுங்கள்: 3 சதவீதம், 8,530. கொஞ்சம் அதிகம். அடுத்து 3-க்கும் 4-க்கும் நடுவில் 3.5 சதவீதம், 8,317. குறைவு. 3.25 சதவீதம், 8,422. இன்னும் குறைவு. 3.125 சதவீதம், 8,476. அப்புறம் 3.0625 சதவீதம், 8,503. வந்துவிட்டது பக்கத்தில்! விடை சுமார் 3.07.

வாரத்துக்கு 3.07 சதவீதம். வட்டிக்கு வட்டி போடாமல், வெறுமனே 52 வாரத்தால் பெருக்கினாலே வருடத்துக்குச் சுமார் 160 சதவீதம். "பதினஞ்சு பெர்சன்ட்தாங்க்கா" என்ற வார்த்தைக்குள் ஒளிந்திருந்தது இந்த 160. அதீத வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வட்டி எவ்வளவு என்றே தெரியாதவர் எந்தச் சட்டத்தைத் தேடிப் போவார்?

இப்போது மேலே செய்த கணக்கைத் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் விடை இருக்கும் இடைவெளி பாதியாகிறது. பத்து முறை செய்தால் 1,024-இல் ஒரு பங்கு. முழுதாகத் தொடுவதில்லை, ஆனால் எவ்வளவு நெருக்கம் வேண்டுமோ அவ்வளவு நெருங்கலாம். இதைத்தான் கணிதத்தில் 'ஒருங்குதல்' என்கிறார்கள். நெருங்கிப் போகும் அந்த இடத்துக்கு 'எல்லை' என்று பெயர். நெருங்காமல் எங்கேயோ போய்க்கொண்டே இருந்தால் அது 'விரிதல்'.

வட்டியிலேயே இரண்டுக்கும் உதாரணம் உண்டு. ஒரு ரூபாய் கடன், வருடத்துக்கு 100 சதவீதம் வட்டி. வருடக் கடைசியில் ஒரே முறை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சேர்த்தால் 2.25. மாதாமாதம் என்றால் 2.613. தினமும் என்றால் 2.7146. மணிக்கு மணி, நொடிக்கு நொடி என்று சேர்த்தால் எங்கே போய் நிற்கும்? 1683-இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஜேக்கப் பெர்னூலி இதே கேள்வியைக் கேட்டார். ஆச்சரியம் என்னவென்றால், நின்றுவிடுகிறது! 2.718-ஐ ஒட்டி ஒரு எல்லை, அதைத் தாண்டாது. ஆனால் சந்தோஷப்பட வேண்டாம். இது ஒரு வருடத்துக்குள் மட்டும்தான். கடனைக் கட்டாமல் விட்டால் அடுத்த வருடம் மறுபடி அதே 2.718 மடங்கு. அதற்கடுத்த வருடம் மறுபடி. அது ஒருங்காது, விரியும். ஊரில் இதற்குக் கணிதப் பெயர் வைக்காமலேயே 'முழுகிட்டான்' என்று சொல்வார்கள்.

சரி, ஒருங்கிவிட்டால் மட்டும் போதுமா? அங்கேதான் அடுத்த சிக்கல். அதைப் பார்க்க மேற்கே இருக்கும் மலையைத் தாண்ட வேண்டும்.

கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலை ஏறினால் குமுளி, அதற்குப் பிறகு கேரளம். இன்னும் வடமேற்கே திருச்சூர்ப் பக்கம் இரிஞ்ஞாலக்குடா. 14-ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராமத்து மாதவரின் ஊர் அதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். இவர் கையில் எடுத்தது ஒரு பழைய வடிவியல் கணக்கு: வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல எத்தனை மடங்கு? நாம் 'பை' என்று படித்தது.

வட்டத்துக்குள் ஆறு பக்க உருவம் வரைந்தால் மூன்று மடங்கு. பக்கங்களை 12 ஆக்கினால் 3.1058. 24 என்றால் 3.1326. 48 என்றால் 3.1394. ஆர்க்கிமிடீஸ் 96 பக்கம் வரை போனார். நம் ஆரியபடர் 499-இல் 3.1416-க்குச் சமமான விடையைச் சொல்லிவிட்டு, அது நெருங்கிய மதிப்புதான் என்று மறக்காமல் குறிப்பிட்டார். எல்லாமே ஒருங்குதல்தான்.

மாதவர் பலகோணத்தை விட்டுவிட்டு எண்களுக்கு வந்தார். 1-இலிருந்து 1/3-ஐக் கழி, 1/5-ஐக் கூட்டு, 1/7-ஐக் கழி, 1/9-ஐக் கூட்டு... இப்படியே முடிவில்லாமல் போய், வந்ததை நான்கால் பெருக்கினால் பை. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதே தொடருக்கு 1670-களில்தான் வந்து சேர்ந்தார். மாதவருக்குப் பின்வந்த ஜ்யேஷ்டதேவர் சுமார் 1530-இல் 'யுக்திபாஷா' என்ற நூலில் இதற்கான நிரூபணங்களை மலையாளத்திலேயே விளக்கி எழுதிவைத்தார். 1830-களில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ் கட்டுரை எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்கு இது தெரியத் தொடங்கியது.

அழகான தொடர். ஆனால் ஆமை! பத்து உறுப்புகள் கூட்டினால் 3.0418. நூறு கூட்டினால் 3.1316. ஆயிரம் கூட்டினாலும் 3.1406. ஆரியபடர் சொன்ன அளவுக்குக்கூட வரவில்லை. எல்லை இருக்கிறது, போய்க்கொண்டும் இருக்கிறோம், ஆனால் வாழ்நாளுக்குள் போய்ச் சேர மாட்டோம்.

மாதவரின் மரபு பெரிய காரியம் செய்தது இந்த இடத்தில்தான். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த மிச்சத்துக்கு ஒரு திருத்தம் கண்டுபிடித்தார்கள். பிறகு இன்னும் நல்ல திருத்தம், அதையும்விட நல்ல திருத்தம் என்று மூன்று. அதே பத்து உறுப்புகளோடு முதல் திருத்தத்தைச் சேர்த்தால் 3.1418. இரண்டாவதைச் சேர்த்தால் 3.14159. மூன்றாவதைச் சேர்த்தால் 3.1415927! ஆயிரம் உறுப்புகளால் முடியாததைப் பத்து உறுப்புகளும் ஒரு திருத்தமும் முடித்துவிட்டன. 'கடைசியில் சரியாகிவிடும்' என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. எப்போது சரியாகும், அதுவரை எவ்வளவு பிழை என்று கேட்டார்கள். எந்த ஒருங்குதலிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மலையிறங்கிப் பள்ளத்தாக்குக்கே திரும்பி, இந்தக் கேள்வியை ஒரு வாழை விவசாயிக்காகக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வருடம் நல்ல விலை, ஒரு வருடம் அடிமாட்டு விலை, ஒரு வருடம் கோடைக்காற்றில் மரமே சாய்ந்துவிடும். 'சராசரியாப் பாத்தா லாபம்தான்' என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அதற்குப் பின்னால் இருப்பது பெரும் எண்கள் விதி. அதை நிரூபித்தவரும் வட்டிக் கணக்குப் போட்ட அதே பெர்னூலிதான். அவர் இறந்து எட்டு வருடம் கழித்து, 1713-இல் புத்தகமாக வந்தது. நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால் தலை விழும் பங்கு பாதியை நெருங்கும். நெருங்கும், சரி. எவ்வளவு வேகமாக? பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க நூறு மடங்கு அதிகமாகச் சுண்ட வேண்டும். ஒரு விவசாயி வாழ்நாளில் பார்ப்பது முப்பது, நாற்பது வருட விளைச்சல். 36 வருடம் உழைத்தாலும் ஒரு வருடத்தின் ஏற்ற இறக்கம் ஆறில் ஒரு பங்காகத்தான் குறையும். அதுவும் நடுவில் கடனில் முழுகாமல் இருந்தால்!

ஆனால் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு நிலைமையே வேறு. பத்து முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழ நூற்றுக்குச் சுமார் 38 தரம் வாய்ப்பு உண்டு. நூறு முறை சுண்டினால் 60-க்குக் குறையாமல் தலை விழ வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே. ஆயிரம் முறை சுண்டி 600-க்குக் குறையாமல் விழ வேண்டுமானால், வாய்ப்பு நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படி வழக்கத்தைவிட்டு வெகுதூரம் விலகும் சம்பவங்களின் வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்பதற்குப் பொதுவான ஒரு கோட்பாட்டைக் கட்டியெழுப்பியவர் சென்னையில் 1940-இல் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர். சீனிவாச வரதன். அதற்காக 2007-இல் அவருக்குக் கிடைத்த பரிசின் பெயர் ஏபெல் பரிசு. ஆமாம், பத்தாம் படிச் சமன்பாட்டில் பார்த்த அதே ஏபெல்!

காப்பீடு நடப்பது இந்தக் கணக்கில்தான். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். ஒருவருக்கு 36 வருடத்திலும் கிடைக்காத சராசரி, ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்தால் ஒரே வருடத்தில் கிடைக்கிறது.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு சுண்டலும் தனித்தனியாக இருக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் வயல்களுக்கு 1895 முதல் தண்ணீர் தருவது பெரியாறு என்ற ஒரே அணை. மழை பொய்த்தால் எல்லோருக்கும் பொய்க்கும். அப்போது ஆயிரம் வயல் என்பது ஆயிரம் நாணயம் இல்லை, ஒரே நாணயம். அதனால்தான் காப்பீட்டைப் பல மாவட்டங்களுக்கு, பல பயிர்களுக்குப் பரப்ப வேண்டியிருக்கிறது.

இப்போது பைக் தம்பியிடம் திரும்பலாம். அவருடைய நோட்டில் நூறு பெயர்கள். நாலைந்து பேர் கட்டாமல் போனாலும் அவர் கணக்கு ஒருங்கிவிடும். அக்காவுக்கோ ஒரே ஒரு கடை, ஒரே ஒரு வாரம். புதன்கிழமை மழை பெய்து தக்காளி அழுகினால் அடுத்த திங்கள் ஆயிரத்துக்கு இன்னொரு கடன். சராசரி அவரைக் காப்பாற்ற வருவதற்குள் பத்து வாரம் முடிந்துவிடும். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் செய்தது, அந்த ஒற்றைப் பெயரை இருபது பெயராக்கியதுதான். மாதவரின் திருத்தம் மாதிரி, காத்திருக்க வேண்டிய காலத்தைக் குறைக்கும் ஒரு வேலை.

எனவே அடுத்த முறை யாராவது "பதினஞ்சு பெர்சன்ட்தான்" என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் செல்போனில் இருக்கும் கால்குலேட்டரைத் திறங்கள். 2-க்கும் 4-க்கும் நடுவில் ஆரம்பித்துப் பாதி பாதியாக வெட்டுங்கள். ஐந்து முறை போதும். பக்கத்தில் இருக்கும் அக்காவுக்கும் போட்டுக் காட்டுங்கள்.