மணிக்கூட்டைப் பார்த்துப் பால் கொடுத்த நாட்கள்

அண்மையில் எமது மூத்த மகள் தாயானாள். பிள்ளை பிறந்து ஆறாம் நாள் அவள் எம்மிடம் கேட்டாள்: "அப்பா, எனக்கு எத்தினை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால் தந்தனீங்கள்?" அவளது கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பாலூட்டலும் நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தது. அதைக் கண்டதும் எமது பழைய கொப்பி நினைவுக்கு வந்தது.

1994ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். ஜேர்மனியின் வடறைன் வெஸ்ற்பாலியா மாநிலத்தில் அகதிகள் விடுதியொன்றில் எமக்கு ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் எல்லோருக்கும் பொது. துணைவியாரின் தாயார் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அங்கே தொலைபேசி இல்லை. கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் பிள்ளை தலைநிமிர்த்திவிடும். முதற்பிள்ளை பெற்றவளுக்கு அருகிருந்து சொல்லித்தர எவருமில்லை. ஆகவே வைத்தியசாலையிலிருந்து புறப்படுகையில் வயதான தாதியொருவர் எழுதித் தந்த துண்டே எமக்கு வேதமாயிற்று: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இடையில் அழுதால் பெருஞ்சீரகத் தேநீர்.

இந்த நான்கு மணித்தியால விதி அந்தத் தாதி கண்டுபிடித்ததன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்து வைத்தியர் ட்றூபி கிங் போன்றோர் பரப்பிய கொள்கை அது. இரவிற் பால் கொடுத்தலாகாது என்பதும் அவர்கள் போதனையே. 1989இலேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இணைந்து வெளியிட்ட பத்துப் படிகளுள், பிள்ளை கேட்கும்போதெல்லாம் பாலூட்டுமாறு கூறப்பட்டிருந்தது. அதெல்லாம் எமக்கு யார் சொல்வார்?

வேலை அனுமதி கிடைக்காத காலம். நேரம் மட்டும் எம்மிடம் தாராளமாக இருந்தது. கொப்பியொன்றிற் கோடு கீறி மணியைக் குறித்தோம். பிள்ளை ஒன்பது மணிக்கே வாயைத் திறந்து தேடும், கையைச் சூப்பும். நாம் மணிக்கூட்டைப் பார்ப்போம். பத்து மணியாகும்போது அது அழுது களைத்து, மார்பிற் போட்டதும் உறங்கிவிடும். மருந்துக்கடையில் நாள்வாடகைக்குத் தராசு எடுத்து வந்து, பாலூட்டுமுன்னும் பின்னும் நிறுத்தோம். பிறந்தபோது 3050 கிராம். நான்காம் நாள் 2820. முதல் நாட்களிற் சிறிது குறைவது இயல்பே. ஆனால் ஒன்பதாம் நாளும் 2790 எனத் தராசு காட்டியபோது, "எனக்குப் பாலில்லை" என்று துணைவியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பிள்ளையின் அழுகையைப் பற்றி முறையிட வந்துவிட்டார்கள் என்றே அஞ்சினோம். வந்தவர் பக்கத்து அறையில் இருந்த பொஸ்னியா நாட்டு அம்மையார். எமக்கு அவர் மொழி தெரியாது. அவருக்கும் எமது மொழி தெரியாது. எம்மைக் கையாற் புறத்தே தள்ளிவிட்டு, துணைவியாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிள்ளையை வயிற்றோடு வயிறாக அணைத்துக் கிடத்தினார். காம்பை மட்டுமன்றிக் கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடிக்கச் செய்தார். பிள்ளை விழுங்கும் ஓசை எமக்குக் கேட்டது. அதுவரை அவ்வோசையை நாம் கேட்டதேயில்லை.

மறுநாள் 'ஹெபாம்மே' எனப்படும் மருத்துவிச்சி வந்தார். கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். திட்டவில்லை. தராசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தாமே வாரமொருமுறை நிறுப்பதாகச் சொன்னார். மார்பிற் பால் தேங்கினாற் சுரப்புக் குறையும், அடிக்கடி குடித்தாற் கூடும் என்பதைச் சைகையாலும் எமக்குத் தெரிந்த சொற்ப ஜேர்மன் மொழியாலும் விளக்கினார். நாளொன்றுக்கு எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு தடவை, இரவிலும் கட்டாயம், மூன்று மணித்தியாலத்திற்கு மேல் உறங்கினால் எழுப்பவேண்டும். அழுகை பசியின் கடைசி அடையாளமாம், முதலாவதன்று. இனிக் கொப்பியில் எழுதவேண்டியது நனைந்த அணையாடைகளின் தொகை மட்டுமே. ஆறுக்குக் குறையக்கூடாது.

நாமும் எமது பங்கிற்குச் சரக்கு அரைத்துப் பத்தியக்கறி காய்ச்சினோம். பாற்சுறாவிற்கு எங்கே போவது? கடையில் உறைந்து கிடந்த ஏதோவொரு மீனைப் போட்டோம். மிளகும் உள்ளியும் மணக்க விடுதியே எட்டிப் பார்த்தது. பால் சுரந்தது மீனாலா, பிள்ளை குடித்ததாலா என்று இன்றும் வீட்டில் வாதம் உண்டு.

பதினாறாம் நாள் நிறை 3060. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நெடுநேரம் காத்திருந்த ஒரு நாளில், துணைவியார் வெட்கத்தை விட்டுச் சால்வைக்குள் பாலூட்டினார். இரண்டு மாதமளவிற் பிள்ளை தானாகவே ஓர் ஒழுங்கிற்கு வந்தது. அது 6, 10, 2 என்ற ஒழுங்கன்று. மாமியாரின் கடிதமும் அப்போதுதான் வந்தது. சுறாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். மணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கொப்பியைத் தேடியெடுத்து மகளிடம் கொடுத்தோம். பார்த்துவிட்டுச் சிரித்தாள். கைத்தொலைபேசியை இன்னும் கைவிடவில்லை. ஆயினும் நேற்றுப் போனபோது அது வேறோர் அறையிற் கிடந்தது.