221-பி, பேக்கர் தெரு

லண்டன் மாநகரில், பேக்கர் தெரு ஸ்டேஷனில் வந்து இறங்கும் வெளியூர்வாசிகளில் பலர் ஒரே ஒரு வீட்டைத்தான் தேடுகிறார்கள். உலகத்திலேயே முதன் முதலாகப் பூமிக்கடியில் ஓடிய ரயில், 1863-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் நின்று சென்ற ஸ்டேஷன்களில் இதுவும் ஒன்று. அந்தப் பெருமையைப் பற்றி விசாரிப்போர் சிலரே. சுவரில் பதித்த ஓடுகளில் வளைந்த புகைக் குழாயும், விசித்திரமான தொப்பியுமாக ஒரு மனிதரின் நிழலுருவம் காணப்படுகிறது. வெளியே மாரிலிபோன் சாலைக்கு வந்தால், அதே மனிதர் 1999-இல் நாட்டிய வெண்கலச் சிலையாக நிற்கிறார். ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற அந்தத் துப்பறியும் நிபுணர் பிறக்கவுமில்லை, இறக்கவுமில்லை. ஆயினும் அவருக்குத் தபால் வந்துகொண்டேயிருக்கிறது.

ஆர்தர் கானன் டாயில் 1887-இல் தம் முதல் ஹோம்ஸ் கதையை வெளியிட்டபோது, கதாநாயகருக்கு 221-பி, பேக்கர் தெரு என்று விலாசம் கொடுத்தார். அக்காலத்தில் அத்தெருவின் எண்கள் 221 வரையில் எட்டவேயில்லை. இல்லாத மனிதருக்கு இல்லாத வீடு பொருத்தந்தானே! ஆனால் நகரசபையார் சும்மா இருப்பார்களா? 1930-ஐ ஒட்டி, வடக்கேயிருந்த மேல் பேக்கர் தெருவை இதனோடு இணைத்து, வீடுகளுக்குப் புதிய எண்கள் கொடுத்தார்கள். பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் வாசலில் சுமக்கும் சென்னை வீடுகளில் குடியிருக்கும் நேயர்களுக்கு, இதனால் விளையும் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறு பிறந்த 219 முதல் 229 வரையுள்ள எண்களில், 1932-ஆம் வருஷம் அபே ரோடு என்ற வீட்டுக் கடன் சங்கத்தார் கோபுரம் வைத்த பெரிய கட்டடம் ஒன்றில் குடியேறினார்கள். (1944-இல் வேறொரு சங்கத்துடன் சேர்ந்து இது அபே நேஷனல் ஆயிற்று.) ஜனங்களின் சேமிப்பை வாங்கி வைத்து, வீடு வாங்குவோருக்குக் கடன் கொடுப்பது அவர்கள் தொழில். துப்பறிவதற்கும் அவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. எனினும் வட்டிக் கணக்குக் கடிதங்களோடு, 'ஷெர்லாக் ஹோம்ஸ் அவர்களுக்கு' என்று மேல் விலாசமிட்ட கடிதங்களும் வந்து விழலாயின.

நம் வீட்டுக்கு அயலாருடைய கடிதம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? 'இந்த விலாசத்தில் இல்லை' என்று உறையின் மேல் எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுக்கிறோம். நல்லவர்கள் செய்வதைச் சொல்கிறேன். மற்றவர்கள் ஜன்னலோரத்தில் போட்டு வைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதன் மேல் பால் கணக்கு எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் 2000-ஆம் வருஷத்துத் தபால் சேவைச் சட்டம் இதைப்பற்றித் திட்டமாகவே கூறுகிறது: தவறி வந்த தபால் என்று அறிந்தும், ஒருவருக்குத் தீங்கு செய்யும் எண்ணத்துடன், தக்க காரணமின்றி அதைப் பிரித்தால் குற்றம், ஆறு மாதம் வரையில் சிறைவாசம் கிடைக்கலாம். திருப்பிக் கொடுத்த கடிதத்தின் உறையில் அனுப்பியவர் விலாசம் இல்லையேல், அது வட அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரத்து ராயல் மெயில் காரியாலயத்துக்குப் போய்ச் சேரும். விலாசம் கண்டுபிடிப்பதற்காக அதைப் பிரித்துப் பார்க்க அங்குள்ளவர்களுக்கு அதிகாரமுண்டு.

சங்கத்தாரும் எல்லாவற்றையும் அப்படித் திருப்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கடிதத்தைப் பெற வேண்டியவர்தாம் கற்பனை; எழுதினவர் கற்பனையல்லவே! எழுதினவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். வேடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். தங்கள் சொந்த மர்மத்தைத் தீர்த்துத் தரும்படி மெய்யாகவே கெஞ்சியவர்களும் இருந்தார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு, தம் உறை பிரிக்கப்படாமலே திரும்பி வருவது எப்படியிருக்கும்? ஆகவே சங்கத்தார், பதில் எழுதும் வேலைக்கென்றே 'ஷெர்லாக் ஹோம்ஸின் காரியதரிசி' என்று ஒருவரை அமர்த்தினார்கள். பல பத்தாண்டுகள், ஒருவர் பின் ஒருவராக, அந்த உத்தியோகம் நடந்துவந்தது. ஸ்ரீ ஹோம்ஸ் ஓய்வு பெற்று, ஸஸெக்ஸ் கிராமப்புறத்தில் தேனீ வளர்த்து வருகிறார் என்பதே அவர்கள் வழக்கமாகத் தெரிவித்த மறுமொழி. இதில் பொய் இல்லை என்பதுதான் இதன் அழகு. டாயிலின் கதைகளிலேயே ஹோம்ஸின் முதுமை அப்படித்தான் கழிகிறது. கேட்டவருடைய மானமும் கெடவில்லை. உதவி செய்வதாக வீண் ஆசை காட்டவுமில்லை. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் சிலைக்குப் பணம் உதவியவர்களும் அவர்களேதாம்.

நிற்க. 1990-இல் அதே தெருவில் ஹோம்ஸ் மியூஸியம் ஒன்று தோன்றியது. 1815-ஆம் வருஷத்துப் பழைய வீடு. முறைப்படி எண் 239. வாசலிலோ 221-பி என்ற பலகை! 237-க்கும் 241-க்கும் நடுவில் இவ்வெண்ணைக் கண்டு திகைக்காதவர் இல்லை. உள்ளே கதையில் வருகிறபடியே மாடிக்குப் பதினேழு படிகள் இருக்கின்றன. ஹோம்ஸுக்கு வரும் கடிதங்கள் தங்களுக்கே உரியவை என்று மியூஸியத்தார் வழக்காடத் தொடங்கினார்கள். பிறர் தபால் வந்துவிட்டதே என்று சண்டை போடுவோரை நாம் அறிவோம். பிறர் தபால் தமக்கு வரவில்லையே என்று பதினைந்து வருஷம் சண்டை போட்டவர்களை இங்கேதான் காணலாம். 2005-இல் அபே நேஷனல் அந்தக் கட்டடத்தைக் காலி செய்து போனதும் விவகாரம் தானே ஓய்ந்தது. கடிதங்கள் மியூஸியத்துக்குச் செல்லலாயின.

என் அபிப்பிராயத்தில் பாத்தியதை சங்கத்தாருக்கே அதிகம். கேளாமல் வந்த பாரத்தை எழுபது வருஷத்துக்கு மேல் சுமந்தவர்கள் அவர்கள். இன்று பழைய கட்டடத்தின் முகப்பும் கோபுரமும் மாத்திரம் நிற்க, பின்னால் குடியிருப்பு வீடுகள் எழுந்திருக்கின்றன. யாத்திரிகர்கள் அதைத் திரும்பிப் பாராமல், சற்று வடக்கே டிக்கெட் வாங்குவதற்காக வரிசையில் நிற்கிறார்கள்.