கைநாட்டும் கையெழுத்தும்

உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டின் ஏதோ ஒரு கிராமத்தில் வரப்புத் தகராறாகத் தொடங்கிய வழக்கு, முன்சீப் கோர்ட், மாவட்ட கோர்ட், உயர் நீதிமன்றம் என்று ஏறி, இருபது வருஷம் கழித்து தில்லிக்கு வந்து சேரும்போது, அதோடு கட்டாக வரும் கிரயப் பத்திரம், சாட்சி வாக்குமூலம், வி.ஏ.ஓ. சான்று எல்லாம் ஆங்கிலமாக மாறியாக வேண்டும். மாற்றித் தருபவர்களில் நானும் ஒருத்தி. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு தில்லியில் பத்திரிகை வேலை பார்ப்பவளுக்கு இது உபதொழில். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

வெளியே அதிகம் தெரியாத ஒரு நடைமுறை இதில் உண்டு. சிறப்பு அனுமதி மனு தாக்கலாகும்போது கூடவே இன்னொரு சின்ன மனுவும் போகும். அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கு வேண்டும் என்று. அதற்குக் காத்திருந்தால் காலக்கெடு தாண்டிவிடுமே! ஆக, நீதிபதிகள் படிப்பது என்னைப் போன்ற யாரோ ஒருவர் செய்து, 'உண்மையான மொழிபெயர்ப்பு' என்று அடியில் கையெழுத்துப் போட்ட பிரதியைத்தான். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காதவரை அதுவே ஆவணம்.

சென்ற வருடம் ஒரு ஜூனியர் வக்கீல் அறுபது பக்கக் கட்டோடு வந்தார். தில்லியிலேயே வளர்ந்த தமிழ்ப் பையன். பேசுவார், படிப்பதென்றால் எழுத்துக்கூட்டித்தான். "மொழிபெயர்ப்பெல்லாம் ஏ.ஐ.யே பண்ணிடுச்சு மேடம். சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு சைன் பண்ணிக் குடுங்க" என்றார். கால் மணி நேரத்தில் முடிந்த வேலையாம். எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

படித்துப் பார்த்தேன். ஆங்கிலம் பிரமாதம். என் ஆங்கிலத்தைவிட நன்றாகவே இருந்தது. தட்டுத்தடுமாறி எழுதப்பட்ட மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது நமக்குச் சந்தேகம் வரும், மூலத்தைப் புரட்டுவோம். இதில் எங்கேயும் கால் இடறவில்லை. அதனாலேயே பக்கத்துக்குப் பக்கம் மூலத்தை வைத்து ஒப்பிட வேண்டியதாயிற்று.

வழக்கு நிலுவையில் இருப்பதால் விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, தன் நிலத்தை உறவினருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக ஒரு பத்திரம். அவர் அதில் கைநாட்டு வைத்தார், யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை என்பது சாட்சியின் வாக்குமூலம். இயந்திரம் இதை, அவர் கையெழுத்திட்டார், யாரும் அதைப் படிக்கவில்லை என்று ஆங்கிலமாக்கியிருந்தது.

கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் நடுவில்தான் அந்த அம்மாவின் வழக்கே இருக்கிறது. எழுத்தறிவில்லாத பெண்ணிடம் வாங்கிய பத்திரம் என்றால், அதன் சாரத்தை அவர் புரிந்துகொண்டுதான் சம்மதித்தார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அதனால் லாபமடைந்தவருடையது என்று நமது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்று ஆகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும். ஒரே ஒரு வினைச்சொல்.

அடுத்தது நான்கெல்லை. நம் ஊர்ப் பத்திரங்களில் 'முருகன் நிலத்துக்குக் கிழக்கு' என்று எழுதினால், முருகனின் நிலத்துக்குக் கிழக்கே இந்த நிலம் இருக்கிறது என்று பொருள். அதாவது முருகன் நமக்கு மேற்கெல்லை. இயந்திரம் அழகாக ஒரு அட்டவணை போட்டு, கிழக்கே முருகன் நிலம் என்று நிரப்பியிருந்தது. நான்கு திசைகளும் தலைகீழ். இந்தத் தவறை மனிதர்களும் செய்வார்கள். பட்டணத்தில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். இது சொறியாது. 'மாமூல் வழிநடைப் பாத்தியம்' என்பதில் உள்ள மாமூல் என்ன ஆகியிருந்தது என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறேன். போலீஸ்காரர்கள் மன்னிக்கட்டும்.

நீதித்துறைக்கு இதெல்லாம் தெரியாமலில்லை. தீர்ப்புகளை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவர உச்ச நீதிமன்றம் 'சுவாஸ்' என்ற மென்பொருளை 2019-லேயே அறிமுகம் செய்தது. மேல்முறையீட்டுக்கு அனுமதி வழங்கப்பட்டது என்பதை இயந்திரம் 'விடுமுறை வழங்கப்பட்டது' என்று இந்தியில் பெயர்த்த கதை தில்லி கோர்ட் வட்டாரத்தில் பிரசித்தம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

செயற்கை நுண்ணறிவால் வக்கீல்கள் மாட்டிக்கொண்ட செய்திகள் வேறு வகை. 2023-ல் நியூயார்க்கில், விமான நிறுவனம் ஒன்றின் மீதான நஷ்டஈட்டு வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். இந்தத் தீர்ப்புகள் நிஜம்தானா என்று அந்த வக்கீல் இயந்திரத்திடமே கேட்டிருக்கிறார், நிஜம்தான் என்று அது பதில் சொல்லியிருக்கிறது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு, இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றிருந்த தனது 2024 டிசம்பர் உத்தரவைத் தானே திரும்பப் பெற்றது. 2025 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில், 27 பத்திகளே உள்ள ஒரு பழைய தீர்ப்பின் 73-வது பத்தியை மேற்கோள் காட்டிய மனு வாபஸ் ஆனது.

இவை தலைப்புச் செய்தியாகின்றன. எனக்கு இவற்றைவிட அந்த மூதாட்டியின் ஃபைல்தான் கவலை தருகிறது. பொய்த் தீர்ப்பைப் பிடிக்க சட்ட நூலகம் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். பொய் மொழிபெயர்ப்பைப் பிடிக்க அப்படி ஒரு பதிவேடு கிடையாது. தமிழ் தெரிந்த ஒருவர் மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் உண்டு. தவறு தனக்குச் சாதகமாக இருக்கும்போது எதிர்த்தரப்பு ஏன் வாயைத் திறக்கப்போகிறது?

இன்னொரு விஷயம், ரகசியம். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கட்டுப்பாடு மொழிபெயர்த்துச் சொல்பவருக்கும், வக்கீல் குமாஸ்தாவுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1872-ம் வருட சாட்சியச் சட்டத்தின் 127-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 132-வது பிரிவுக்குள் வந்துவிட்டது. தொழிலுக்கு வந்த புதிதில் இதைப் படித்தபோது, நம்மையும் ஒரு பொருட்டாக மதித்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரு கர்வம்.

அந்த ஜூனியரிடம், எந்தச் சேவையில் ஏற்றினீர்கள் என்று கேட்டேன். செல்போனில் இருக்கும் இலவசச் சேவையாம். பெயர், ஊர், சர்வே எண், வாக்குமூலம் அத்தனையும் போயிருக்கிறது. இத்தகைய பல சேவைகளில் நாமாக அமைப்பை மாற்றி வைக்காவிட்டால், உள்ளே போடுவதைத் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். இது நிலத் தகராறு, போகட்டும். நாளைக்கு போக்சோ வழக்கில் ஒரு குழந்தையின் வாக்குமூலத்தை இப்படி ஏற்றுவார்களா? அவசரமென்றால் ஏற்றுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனையும் சொல்வதால் நான் இயந்திரத்துக்கு விரோதி என்று யாரும் எண்ண வேண்டாம். தினமும் பயன்படுத்துகிறேன். பெயரும் ஊரும் நீக்கிவிட்டு, பணம் கட்டி வாங்கிய சேவையில். நானூறு பக்க ஃபைலிலிருந்து தேதிவாரியாக நிகழ்ச்சிகளைத் தொகுப்பதில் அதற்கு நிகரில்லை. மனுவின் முன்னால் வைக்கும் தேதிப் பட்டியலுக்கு நல்ல அடித்தளம். ஒவ்வொரு தேதிக்கும் பக்க எண் கேட்டு வாங்கிவிட்டால் சரிபார்ப்பதும் எளிது. ஒரே பத்திரத்தின் இரண்டு நகல்களில் எங்கே சொல் மாறியிருக்கிறது என்று காட்டிவிடும். எனக்கு மிகவும் பிடித்த உபயோகம் எதிர்த்திசையில்: நாற்பது பக்க ஆங்கிலத் தீர்ப்பைக் கட்சிக்காரருக்குப் புரிகிற தமிழில் இரண்டு பக்கமாக்கி, நான் திருத்தி, தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறேன். முன்பெல்லாம் ஊர் வக்கீல் "ஜெயிச்சுட்டோம்" அல்லது "தோத்துட்டோம்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்.

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை வகுத்தது. தீர்ப்பையோ முடிவையோ இயந்திரத்திடம் விடக் கூடாது. அது செய்த மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. வக்கீல் அலுவலகங்களுக்கும் எழுத்தில் வந்தால் தேவலை.

அதுவரை தகராறு கூலியில்தான். இயந்திரம் செய்துவிட்ட வேலையைச் சரிபார்க்க எதற்கு முழு ரேட், பாதி போதாதா என்று கேட்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு இப்போது நான் இரண்டு பக்கம் படிக்கிறேன், தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று. கீழே போடுவதும் என் கையெழுத்து. ஆகவே முழு ரேட்தான் கேட்கிறேன். அந்த ஜூனியரின் சீனியர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். சிலர் கொடுக்காமல் கட்டை எடுத்துக்கொண்டு போய், வேறு யாரிடமோ கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பிரதிகளும் அதே கோர்ட்டுக்குத்தான் போகின்றன.