அப்பா தலைக்கு ஒரு சும்மாடு!

‘‘என்னடா... பாட்டைப் போட்டியா, இல்ல சும்மா மாட்டி விட்டிருக்கியா?’’

ஹாஸ்டல் செலவில் மாசக்கணக்கில் மிச்சம் பிடித்து, ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தரிடம் கெஞ்சிக் கூத்தாடி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹெட்போன் அது. ஆசை ஆசையாக அப்பா தலையில் மாட்டிவிட்டு, போனில் வால்யூமை முழுசாக ஏற்றினால்... கிடைத்த விமர்சனம் இதுதான்!

அப்பாவுக்கு மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வேலை. ஊருக்குள் நுழையும்போதே ரோட்டோரம் பிள்ளையாரும் புத்தரும் வரிசைகட்டி நிற்க, பின்னாடி ‘டங்... டங்...’னு உளிச் சத்தம் கேட்குமே, அந்தப் பட்டறைகளில் ஒன்று. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்குப் பட்டறையில் லட்டு கொடுத்தார்கள், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனால், உளியைவிட இப்போ கிரைண்டர்தான் அதிக நேரம் ஓடுது. கல்லை அறுக்கிற அந்தச் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்கிற கணக்குப்படி, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வாங்க... 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான் மிஞ்சும். அப்பா நாள் முழுக்க அதில் இருந்தது இருபது வருஷம்.

போன வருஷம் செங்கல்பட்டில் காது டெஸ்ட் எடுத்தோம். கிராஃபில் எல்லாக் கோடும் ஓரளவு ஒழுங்காக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் கிணறு மாதிரி ஒரு பள்ளம். இரைச்சலில் வேலை பார்க்கிறவங்களுக்கு வர்ற பள்ளமாம் அது. ‘‘போனது திரும்பி வராதுப்பா. மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்’’ என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, டி.வி வால்யூமை ரெண்டு புள்ளி ஏற்றியது!

அதனால்தான் இந்த ஹெட்போன். ராஜா பாட்டு இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. அதையாவது நல்லா கேட்கட்டுமே என்று ஒரு ஆசை. ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி எம்கே3 என்கிற ஜப்பான் ஐட்டம். ‘பிளேனர் மேக்னடிக்’ வகை. சாதாரண ஹெட்போனில் ஒரு கூம்பு, அதன் அடியில் ஒரு காயில். பிளேனரில் கூம்பே கிடையாது. அப்பளத்தைவிட மெல்லிசான ஒரு படலம், அதன்மேல் கோலம் போட்ட மாதிரி கடத்திப் பாதை, ரெண்டு பக்கமும் காந்த வரிசை. படலம் மொத்தமும் ஒண்ணா அசையும். 1976-லேயே யமஹா ‘ஹெச்பி-1’ என்று இந்த வகையில் ஒன்று இறக்கியது. சத்தம் சுத்தமா இருக்கும். ஆனா, காந்தம் நிறைய. அதனால் வெயிட்டும் நிறைய. சும்மா பிடித்துத் தள்ளினால் அசையவும் அசையாது!

‘‘50 ஓம்தானே மச்சி... போனே ஓட்டிடும்’’ என்றான் ரூம்மேட். நானும் நம்பினேன். தப்பு. ஓம் பாதிக் கதைதான். மீதிக் கதை சென்சிடிவிட்டி. இந்த ஹெட்போன் ஒரு மில்லிவாட்டுக்கு 92 டெசிபல் கொடுக்கும். ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்று இன்னொரு பிளேனர் உண்டு. அதுவும் 50 ஓம்தான், ஆனால் 83.5 டெசிபல்தான் கொடுக்கும். அதே சத்தத்துக்கு ஏழு மடங்கு பவர் கேட்கும். ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரில் அதை மாட்டிக் கேட்கிற ஆட்களே உண்டு! நல்லவேளை, அது வாங்குற வசதி நமக்கு இல்லை.

அடுத்த சனிக்கிழமை, செங்கல்பட்டில் லோக்கல் ட்ரெயின் பிடித்து எழும்பூரில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடை. தொண்ணூறுகளின் கடைசியில் சூ மோய் என்பவர் வெளியிட்ட ‘சிமோய்’ சர்க்யூட்தான் என் திட்டம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஆப்-ஆம்ப், சில ரெசிஸ்டர், கெபாசிட்டர். பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் அடங்கும்.

‘‘ஓபிஏ 2134 இருக்காண்ணே?’’

‘‘இருக்கு தம்பி. காலேஜ் ப்ராஜெக்டா?’’

‘‘இல்லண்ணே, அப்பாவுக்கு.’’

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரெண்டு எல்.இ.டி-யைச் சும்மாவே கொடுத்தார். ஏன் என்று இன்னிக்கு வரைக்கும் தெரியலை!

சால்டர் பண்ணி, சூடு ஆறுவதற்குள் மாட்டிப் பார்த்தால் சத்தம் பிச்சுக்கிட்டு வந்தது. ஆனால், ட்ரம்ஸ் விழுகிற இடத்தில் எல்லாம் ‘டர்ர்’ என்று ஒரு கிழிசல். திங்கள்கிழமை லேபில் சி.ஆர்.ஓ-வில் மாட்டினேன். லோடு இல்லாமல் அலை அழகா வட்டமா ஏறி இறங்குது. 300 ஓம் ரெசிஸ்டர் வைத்தாலும் அதே அழகு. 50 ஓம் வைத்ததும், வால்யூமை ஏற்றினால் அலையின் தலையைச் சீவி மொட்டை மாடியாக்கிடுச்சு!

கணக்குப் போட்டேன். ட்ரம் அடியின் உச்சம் 112 டெசிபல் வரை எட்டிப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 92-க்கு மேலே 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு... 100 மில்லிவாட். 50 ஓமில் அதற்குத் தேவை 2.2 வோல்ட்தான். வோல்ட் பேட்டரியிடம் இருக்கு. கரன்ட்தான் சிக்கல். அலையின் உச்சியில் 63 மில்லி ஆம்பியர் கேட்குது. நம்ம ஆப்-ஆம்ப் கையை விரிப்பதோ 40-ஐ ஒட்டி! அதிக ஓம் ஹெட்போன் வோல்டேஜ் கேட்கும், குறைந்த ஓம் பிளேனர் கரன்ட் கேட்கும். செகண்ட் செமஸ்டரில் படித்த ஓம் விதி, அரியர் வைக்காமல் பாஸ் பண்ணிய எனக்கே அப்போதான் புரிஞ்சுது.

இதற்கு விடை 2011-லேயே வந்துவிட்டது. ‘என்டபிள்யூஏவிகை’ என்ற புனைபெயரில் ஒரு எஞ்ஜினீயர், ‘ஆப்ஜெக்டிவ் 2’ என்று ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் டிசைனை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். யார் அவர், எந்த ஊர்... எதுவும் வெளியே வரவில்லை. 2012-ல் எழுதுவதையும் நிறுத்திவிட்டார். சினிமாவில் வந்தால் ‘லாஜிக் இல்லை’ என்போம்! அவர் டிசைனில் கடைசி ஸ்டேஜுக்கு என்ஜேஎம் 4556ஏ என்கிற சிப். ஒவ்வொரு ஆம்பும் 70 மில்லி ஆம்பியர் கொடுக்கும். அதில் ரெண்டை ஒரு ஓம் ரெசிஸ்டர் வழியா ஜோடி சேர்த்திருப்பார். நானும் ஜோடி சேர்த்தேன். சி.ஆர்.ஓ-வில் மொட்டை மாடி காணாமல் போனது. லேப் அண்ணாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வெற்றி வீரனாகத் திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டில் அப்பா மாட்டினார். கேட்டார். பத்தாவது நிமிஷம் கழற்றினார்.

‘‘நல்லாத்தான் இருக்கு. ஆனா அடிச்சத்தமே இல்லியேடா. அப்புறம்... உச்சந்தலை வலிக்குது.’’

அடிச்சத்தம் இல்லையா? அந்த பாஸ் கிடாருக்காகத்தானே பிளேனரே! கெயினை ஏற்றினேன். ம்ஹூம். பெரிய பவர் சப்ளை வாங்கலாமா என்று அடுத்த மாசக் காசுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அப்போது அப்பா, சரியாக உட்காரவில்லை என்று ரெண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்தினார்.

‘‘இப்ப வருது பாரு!’’

குற்றவாளி ஆம்ப்ளிஃபயர் இல்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடி! காதுக்கு மேலே போகிற அந்தத் தடிமனான கம்பி, குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சந்து விட்டிருந்தது. பாஸ் எல்லாம் அந்தச் சந்து வழியாக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போயிடுச்சு. மூணு வாரமாக நான் சர்க்யூட்டில் தேடியது, அவர் கன்னப்பொறியில் இருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் கையில் சால்டரிங் அயர்ன் இருந்தால் பார்க்கிறதெல்லாம் சர்க்யூட்டாத்தான் தெரியும்போல.

அப்புறம் ஆரம்பித்தது அசல் வேலை. குஷனை மாற்றினோம். கம்பெனி குஷன் மெல்லிசு, காது உள்தட்டில் இடிக்கும். தடிமனா, உள்ளே மெத்துனு இருக்கிற குஷன் வாங்கினேன். கண்ணாடிக் கம்பி அதில் புதைந்து, சந்து அடைந்தது. மேல் உறை என்னவோ ரெக்சின்தான். நம்ம கடலோர வேர்வைக்கும் உப்புக் காத்துக்கும் அது எத்தனை நாள் உரியாமல் தாங்கும் என்று பார்க்கணும். ‘வேட்டித் துணியில் உறை தைச்சுடலாம்’ என்று அம்மா சொன்னார். தைத்தும் கொடுத்தார். துணி வழியாக் காத்து லேசாக் கசிந்து, பாஸ் மறுபடி கொஞ்சம் இளைத்தது. கேட்கும்போது துணி வேண்டாம், கழற்றியதும் துடைத்து மூடிவைக்க அதே துணி என்று சமரசம்!

உச்சந்தலை வலிதான் பாக்கி. ஹெட்போன் 300 கிராமுக்கு மேலே. அத்தனையும் ஒல்லியான ஒரு பட்டை வழியா நடு மண்டையில் இறங்குது. நான் ஸ்பாஞ்ச் ஒட்டினேன். அது அரை மணியில் அமுங்கி அப்பளமாச்சு. திண்ணையில் நான் முழித்துக்கொண்டிருந்த நேரம்தான், எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்ற ஆயா கூடையை இறக்கினார். தலையில் இருந்து சும்மாடை எடுத்து உதறி, மடியில் வைத்துக்கொண்டார்.

அப்பா அதையே பார்த்தார். ‘‘ஆயா, அந்தக் கூடை எத்தினி கிலோ?’’

‘‘அது கெடக்கு இருவது கிலோ. சும்மாடு இருந்தா தலைக்குத் தெரியாதுப்பா.’’

அவ்வளவுதான். அப்பா தன் பழைய தோல் பெல்ட் ஒன்றை எடுத்தார். அகலமாக இருந்த பகுதியை வெட்டி, ஓரத்தைச் சீவி, தண்ணியில் ஊறவைத்து, ஒரு பிள்ளையார் சிலையின் தலையில் வைத்துக் கட்டி நிழலில் காயவிட்டார் (சத்தியமா! வீட்டில் மனுஷத் தலை அளவுக்கு இருந்தது அதுதான்). காய்ந்த பட்டையை ஹெட்போன் வளைவுக்குக் கீழே, தொட்டில் மாதிரி தொங்கவிட்டு ரெண்டு முனையையும் கட்டினார். இப்போ இரும்பு வளைவு தலையைத் தொடவே தொடாது. பாரம் தோல் பட்டை முழுக்கப் பரவும். ஏகேஜி கம்பெனி தன் கே240 ஹெட்போனில் எழுபதுகளிலேயே இப்படித் தொங்கும் பட்டை வைத்திருந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. ஆயாவுக்கும் தெரியாது.

கன்னத்தில் கவ்வுவது கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தது. நான் வளைவைப் பிடித்து விரிக்கப் போனால், ‘‘கைய எடு! ஒரேயடியா வளைச்சா போச்சு’’ என்று பிடுங்கிக்கொண்டார். தினம் ராத்திரி ரெண்டு செங்கலுக்கு நடுவில் மாட்டி, நாலு நாளில் தேவையான அளவுக்கு மட்டும் தளர்த்தினார். ரொம்பத் தளர்ந்தால் மறுபடி சந்து விழுமே!

இப்போ ஒரு காமெடி. சந்து அடைந்ததும் பாஸ் திரும்பி வந்தது. பாஸ் வந்ததும் ‘சத்தம் பத்தலை’ என்கிற குறையே போச்சு. அப்போ நான் போட்ட கெயின் எதற்கு? அதைவிட, நாப் எந்த இடத்தில் நின்றாலும் கடைசி வரைக்கும் திருகுகிற பழக்கம் அப்பாவுக்கு. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது. 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். அவருக்கு மிச்சம் இருக்கிற காதையும் நானே காலி பண்ணக் கூடாதே... ஆளுக்கு ஒரு ரெசிஸ்டர் வீதம் ரெண்டு சேனலிலும் கழற்றினேன். கெயின் ஒன்று. போனில் மாட்டியிருக்கிற டாங்கிள் கொடுக்கிற 1 வோல்ட் அப்படியே போகும். நாபை முழுசாத் திருகினாலும் உச்சமே 105 டெசிபல்தான். பாட்டின் சராசரி அதைவிட நல்லாவே கீழே. அப்பாவுக்கு இந்த ரெசிஸ்டர் விஷயம் இன்னும் தெரியாது. இதைப் படிக்கிற யாரும் சொல்லிடாதீங்க!

‘‘அப்ப டாங்கிளிலேயே நேரா மாட்டியிருக்கலாமேடா? ஆம்ப்ளிஃபயர் எதுக்கு?’’ என்றான் ரூம்மேட். நியாயமான கேள்வி. பதில் நாப்தான். கல்லில் தேய்ந்த விரல் அப்பாவுக்கு. கைரேகை மெஷினே நாலு தடவை யோசிக்கும். போன் ஸ்க்ரீனில் வால்யூம் கோட்டை இழுக்க அவருக்கு வராது. பெரிய வட்ட நாப் என்றால் பிடிக்கிறார், திருகுகிறார், சந்தோஷமா இருக்கார். ஒன்றரை மாச உழைப்பில் நான் செய்தது உலகத்திலேயே காஸ்ட்லியான வால்யூம் நாப்!

போன வாரம் ஒரு மணி நேரம் கழற்றாமல் கேட்டவர், ‘‘இதைப் போட்டுக்கிட்டே கிரைண்டர் ஓட்டலாமாடா?’’ என்றார். தூக்கிவாரிப் போட்டது. ‘‘வேணவே வேணாம்ப்பா. கிரைண்டர் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு பாட்டை ஏத்துவீங்க’’ என்று சொல்லிவிட்டு, செங்கல்பட்டில் போய் காது மஃப் ஒன்று வாங்கி வந்தேன். பாட்டெல்லாம் வராது, இரைச்சலைத் தடுக்க மட்டும். போட்டுப் பார்த்தார். ‘‘கன்னத்தைக் கவ்வுது. கண்ணாடி பக்கத்துல சந்து இருக்கு, சத்தம் உள்ள வருது.’’

அப்பாவே கண்டுபிடிச்சுட்டார்! அடுத்த நாள் காலையிலேயே மஃபில் குஷன் மாறியிருந்தது, பாதி தளர்ந்திருந்தது, மேலே ஒரு தோல் சும்மாடும் தொங்கியது. இப்போ மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிடக்கூட தோளைத் தட்டணும்.

பட்டறையில் வேலை கத்துக்கிற ரெண்டு பசங்களும் அதைக் கேட்கிறாங்களாம். பழைய பெல்ட் தீர்ந்துபோச்சு. என் ஸ்கூல் பேகின் பட்டையை வெட்டட்டுமா என்று போன் பண்ணியிருந்தார்.