யாருடைய துளை?

கோவை கணபதியில் பம்ப் செட்டுக்கு பேஸ் பிரேம் செய்யும் ஒரு பட்டறை. கீழே சேனல் அறுத்து வெல்டிங் வைக்கிறார்கள். மாடியில் டிசைனர் பெண் அதே பிரேமைக் கணினியில் வரைகிறார். நீளக் கட்டத்தில் இருந்த 900ஐ 1250 ஆக்கினார். பிரேம் நீண்டது. பவுண்டேஷன் போல்ட்டுக்குப் பக்கத்துக்கு மூன்றாக இருந்த துளைகள் நான்காயின.

அளவோடு வடிவமும் தானே மாறும் வித்தை 1980களின் இறுதியில் புரோ/இன்ஜினியர் மென்பொருளோடு பரவியது. இன்று அது யாருக்கும் அதிசயமில்லை. ஆனால் நீளம் கூடினால் இடைவெளி விரிய வேண்டுமா, துளை கூட வேண்டுமா என்பதை மென்பொருள் சொல்லாது. இவர் எழுதியிருந்த விதி: இரு முனையிலும் 50 மி.மீ. விட வேண்டும், இடைவெளி 400ஐத் தாண்டக் கூடாது. 1250இல் 100 போக 1150. அதை 400ஆல் வகுத்தால் 2.875. மேல்நோக்கி முழுமையாக்கினால் மூன்று இடைவெளி, நான்கு துளை. கீழ்நோக்கிப் போனால் இடைவெளி 575 ஆகிவிடும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கணக்குப்படி ஒரு இடைவெளி 383.33. டிராயிங் கீழே போனதும் பிட்டர் அண்ணன் மேலே வந்துவிட்டார்.

"டேப்புல பாயின்ட் முப்பத்திமூணு எங்க இருக்குதுங்க அம்மிணி?"

நியாயம்தான். சிஎன்சி மெஷினுக்கு அது பொருட்டில்லை. இங்கே டேப் பிடித்து, பஞ்ச் அடித்து, டிரில் போடுகிறார்கள். அன்றே விதி மாறியது: இடைவெளி ஐந்தின் மடங்காகக் கீழே இறங்கி 380, மிச்சம் 10 மி.மீ. இரு முனைக்கும் பாதிப்பாதி. முனை 55. அந்த அண்ணனின் கேள்வி இப்போது சூத்திரத்துக்குள் ஒரு வரியாக இருக்கிறது.

மோட்டார் கால் துளைகளை மட்டும் டிசைனர் பிரேம் நீளத்தோடு கட்டவே இல்லை. அவை மோட்டாருக்குச் சொந்தம். மோட்டார் அளவுகளுக்கான ஐஇசி அட்டவணைப்படி 132எஸ் மோட்டாருக்குக் குறுக்கே 216, நெடுக்கே 140; 132எம் என்றால் குறுக்கே அதே 216, நெடுக்கே 178. ஷாஃப்ட் பக்கத்து இரண்டு துளைகளும் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னிரண்டு மட்டும் 38 மி.மீ. நகரும். இவற்றை நீளத்தோடு இணைத்திருந்தால், பிரேம் நீளும்போதெல்லாம் மோட்டார் உட்காரவே உட்காராது. எதை இணைப்பது என்பதைவிட எதை இணைக்காமல் விடுவது என்பதில்தான் டிசைனரின் கைவரிசை தெரிகிறது என்பேன்.

நான் கிளம்பும் நேரத்தில் வந்தது ஒரு மாற்று ஆர்டர். பழைய பிரேம் துருப்பிடித்துவிட்டது. கான்கிரீட்டில் போல்ட்டுகள் அப்படியே நிற்கின்றன. சைட்டிலிருந்து அளந்து அனுப்பிய இடைவெளிகளில் ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. டிசைனர் சூத்திரத்தை அழித்துவிட்டு ஒவ்வொரு எண்ணாகக் கையால் அடித்தார். அண்ணன் அதையும் நம்பவில்லை: "எதுக்கும் ஸ்லாட்டாவே போட்டுருங்க."